ராக்கெட் இரண்டாம் முறையும் பறக்கட்டும்: பாடத்திட்டக் குழுவினருக்கும் தலைமையாசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

பள்ளியில் ராக்கெட் செய்முறை எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அறிவியல் விழாவன்று மைதானத்தின் நடுவே ஒரு தண்ணீர் பாட்டில் ராக்கெட். ஆசிரியர் பம்ப் அடிக்கிறார், பிள்ளைகள் பத்திலிருந்து தலைகீழாக எண்ணுகிறார்கள், பாட்டில் சீறிக் கிளம்புகிறது, முன்வரிசை நனைகிறது, கைதட்டல். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். ஏன் அந்த உயரம் போனது, ஏன் அதற்கு மேல் போகவில்லை என்று கேட்டால், "நியூட்டனின் மூன்றாம் விதி" என்று ஒரே குரலில் பதில் வரும். பதில் சரிதான். அதைச் சொல்ல அவர்களுக்கு ராக்கெட்டே தேவைப்பட்டிருக்காது என்பதுதான் சங்கடம்.

நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு மாணவரின் ராக்கெட்டும் இரண்டு முறையாவது பறக்க வேண்டும். முதல் ஏவலில் அளந்ததை வைத்து, ஒரே ஒரு மாற்றம் செய்து, இரண்டாவதை ஏவ வேண்டும். அதற்கு ஆறு பாடவேளைகளை ஒதுக்குங்கள். அந்த ஆறில் என்ன செய்யலாம், எது எங்கே சொதப்பும் என்பதைக் கீழே எழுதுகிறோம்.

பலூனிலிருந்து தொடங்கலாம். நைலான் நூலில் ஸ்ட்ராவைக் கோத்து, ஊதிய பலூனை டேப்பால் அதில் ஒட்டி விடும் செய்முறை எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. நூல் தொய்ந்தால் பலூன் நடுவழியில் நிற்கும்; பலூனின் வாய் நூலுக்கு இணையாக இல்லாவிட்டால் நூலைச் சுற்றிச் சுழன்றே காற்றை வீணடிக்கும். இவை சின்னக் கோளாறுகள். பெரிய கோளாறு மாணவரின் தலைக்குள் நடக்கிறது. வெளியே வரும் காற்று பின்னாலிருக்கும் காற்றைத் தள்ளுகிறது, அதனால்தான் பலூன் நகர்கிறது என்றே பெரும்பாலோர் எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. 1920 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் தலையங்கமே, வெற்றிடத்தில் ராக்கெட் எதைத் தள்ளி நகரும் என்ற தொனியில் அமெரிக்க ராக்கெட் முன்னோடி ராபர்ட் காடர்டைக் கிண்டலடித்தது. அப்பல்லோ 11 நிலவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, 1969 ஜூலை 17 அன்றுதான் அதற்குத் திருத்தம் வெளியிட்டது.

ஆகவே பலூனுக்கு அடுத்து, காற்றுக்கு வேலையே இல்லாத ஒரு செய்முறை வேண்டும். உள்ளங்கையளவு மரக்கட்டையில் மூன்று ஆணிகள்: முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. முன்னாணிகளில் மாட்டிய ரப்பர் பேண்டைப் பின்னுக்கு இழுத்து, பின்னாணியில் நூலால் கட்டுங்கள். ரப்பரின் மடியில் ஒரு சிறு டப்பாவை வைத்து, கட்டையை வரிசையாகப் பரப்பிய உருண்டைப் பென்சில்களின் மேல் நிறுத்துங்கள். நூலைக் கையால் அவிழ்த்தால் கை தட்டிவிடும். பெரியவர் ஒருவர் தீக்குச்சியால் சுட்டு அறுப்பதே நல்லது. டப்பா முன்னே பறக்கும், கட்டை பின்னே உருளும். டப்பாவில் முதலில் 5 வாஷர், பிறகு 10, பிறகு 15. அதே ரப்பர், அதே இழுப்பு. ஆனால் எறியும் பொருள் கனக்கக் கனக்கக் கட்டை அதிக தூரம் போகும். எதையாவது பின்னே எறிந்தால் முன்னே போகலாம், பின்னால் காற்று இருக்க வேண்டியதில்லை என்று மாணவர் தாமாகச் சொல்லும் இடம் இதுதான். ஒரு பாடவேளை இதற்குப் போதும்.

அடுத்து காகித ராக்கெட். எங்களைக் கேட்டால், இந்தப் பாடத்தின் இதயமே இதுதான். விழாவில் காட்டும்படி கவர்ச்சியாக இல்லை என்பதால் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

80 கிராம் ஏ4 தாள் ஒன்றின் எடை ஏறக்குறைய 5 கிராம். ஏ4 என்பது ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. 80-ஐப் பதினாறால் வகுத்தால் வருவது அது. துல்லியத் தராசு இல்லாத பள்ளியிலும் தாளின் பரப்பை அளந்து எடையைக் கணக்கிட்டுவிடலாம் என்பது இதிலுள்ள வசதி. தாளை அகலவாக்கில் நான்காக வெட்டினால் 21 செ.மீ. நீளமும் 7.4 செ.மீ. அகலமும் உள்ள துண்டுகள், ஒவ்வொன்றும் 1.25 கிராம். ஒரு துண்டைப் பென்சிலில் நீளவாக்கில் சுற்றி மூன்று இடங்களில் டேப் ஒட்டுங்கள். பென்சில் சுமார் 7 மி.மீ., ஸ்ட்ரா 6 மி.மீ.; பென்சிலில் சுற்றிய குழல் ஸ்ட்ராவின் மேல் வழுக்கிப் போக அந்த இடைவெளி சரியாக இருக்கும். ஸ்ட்ராவிலேயே இறுக்கிச் சுற்றினால் ராக்கெட் நகராது. தடித்த மார்க்கர் பேனாவில் சுற்றினால் காற்றெல்லாம் ஓரமாக வெளியேறி ராக்கெட் காலடியில் விழும். ஒரு முனையை இரண்டு முறை மடித்து ஒட்டினால் அது மூக்கு. மறுமுனையை வாயில் வைத்து ஊதிப் பார்த்து, காற்று கசிந்தால் மூக்கை மறுபடி ஒட்டச் சொல்லுங்கள். பறக்காத ராக்கெட்டுகளில் பெரும்பாலானவற்றின் நோய் இந்தக் கசிவுதான்.

வாயால் ஊதினால் ஒவ்வொருவரின் மூச்சும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். ஒருவரின் மூச்சே மூன்றாம் முறை தளர்ந்துவிடும். அதற்குப் பதிலாக அரை லிட்டர் மெல்லிய பிளாஸ்டிக் பாட்டிலின் மூடியில் துளையிட்டு ஸ்ட்ராவைச் செருகி, சுற்றிலும் கிளே (பொம்மை செய்யும் செயற்கைக் களிமண்) வைத்து அடையுங்கள். பாட்டிலைத் தரையில் படுக்கவைத்து, அதே புத்தகத்தை 30 செ.மீ. உயரத்திலிருந்து அதன் மேல் விடுங்கள். ஸ்ட்ராவின் சாய்வு 45 பாகை. இப்போது எல்லா ஏவலுக்கும் தள்ளு ஒன்றே. ஒவ்வொரு ஏவலுக்குப் பிறகும் பாட்டிலைப் பழைய வடிவத்துக்கு ஊதிவிட மறக்கக் கூடாது. மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள், ஒன்றரை கிராம் ராக்கெட்டுக்கு அது புயல்.

முதலில் வால் துடுப்பே இல்லாமல் ஏவுங்கள். ராக்கெட் குட்டிக்கரணம் அடித்து விழும். பிறகு அடிப்பக்கம் 2.5 செ.மீ., உயரம் 2 செ.மீ. உள்ள மூன்று முக்கோணத் துடுப்புகளை வாலில் ஒட்டி ஏவுங்கள், நேராகப் போகும். அதே துடுப்புகளை மூக்குக்கு அருகே ஒட்டினால் என்ன ஆகும் என்று கேட்டுவிட்டு, விடையை நோட்டில் எழுதும்வரை ஏவாதீர்கள். ஏவியதும் ராக்கெட் பல்டியடித்து வாலை முன்னே நீட்டப் பார்க்கும். அதற்கடுத்து, வால் துடுப்புள்ள ராக்கெட்டின் மூக்கில் அரை கிராம் கிளே. எடை கூடினால் தூரம் குறையும் என்றே வகுப்பு நினைக்கும். பெரும்பாலும் நடப்பது தலைகீழ். இலேசான பொருளைக் காற்று சீக்கிரம் நிறுத்திவிடுகிறது. கிளேயை ஒரு கிராம், இரண்டு கிராம் என்று கூட்டிக்கொண்டே போனால், ஓரிடத்தில் தூரம் உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கும். அந்த உச்சத்தைக் கண்டுபிடிப்பதுதான் வீட்டுப்பாடமாகத் தகும்.

ஒவ்வொரு அமைப்பையும் ஐந்து முறை ஏவி, தூரங்களை வரிசைப்படுத்தி, நடுவில் இருப்பதை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். விட்டால் பிள்ளைகள் அதிகபட்சத்தைத்தான் எழுதுவார்கள். பெரியவர்களும் அப்படித்தான்.

இங்கே காடர்டை மறுபடி அழைக்கலாம். 1926 மார்ச் 16 அன்று அவர் ஏவிய முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டில் எஞ்சின் மேலேயும் தொட்டிகள் கீழேயும் இருந்தன. எஞ்சின் மேலிருந்து இழுத்தால், கீழே தொங்கும் கனம் ஊசல்போல ராக்கெட்டை நிமிர்த்தி வைக்கும் என்பது எண்ணம். பறந்தது இரண்டரை நொடி, எழுந்தது சுமார் 12.5 மீட்டர், விழுந்தது 56 மீட்டருக்கு அப்பால். இழுவிசை ராக்கெட்டின் உடலோடு சேர்ந்தே சாய்கிறது. ஆகவே எஞ்சின் மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் அது நிமிர்த்தி வைக்காது. நிமிர்த்துவது வேறொன்று: காற்றின் பக்கவாட்டுத் தள்ளு குவியும் புள்ளியான அழுத்த மையம், ஈர்ப்பு மையத்துக்குப் பின்னால் இருக்க வேண்டும். குறைந்தது ஓர் உடல்விட்டம் பின்னால் இருந்தால் நிம்மதி. துடுப்பு அழுத்த மையத்தைப் பின்னுக்கு இழுக்கிறது, மூக்குக் கிளே ஈர்ப்பு மையத்தை முன்னுக்கு இழுக்கிறது. காகித ராக்கெட்டை அளவுகோலின் விளிம்பில் நிறுத்திப் பார்த்தால் ஈர்ப்பு மையம் கிடைத்துவிடும். அழுத்த மையத்துக்கு, ராக்கெட்டின் பக்கவாட்டு நிழலை அட்டையில் வரைந்து வெட்டி, அதே விளிம்பில் நிறுத்துங்கள். இது தோராயம்தான்; ஆனால் பிழை பாதுகாப்பான பக்கம் சாய்வது. பொறியாளர்கள் இதற்குப் பயன்படுத்தும் சமன்பாடுகளை ஜேம்ஸ் பாரோமன் 1960களில் தந்தார். மேல்நிலை வகுப்பில் ஆர்வமுள்ளவர்கள் அதைத் தொடலாம்.

தண்ணீர் ராக்கெட்டுக்கு இதற்குப் பிறகே வர வேண்டும். இதில் பாதுகாப்பை முதலில் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் இது விளையாட்டுப் பொருள்போலத் தெரியும் அழுத்தக்கலன். 2 லிட்டர் பாட்டிலில் 600 மி.லி. தண்ணீர் போக மீதியில் 4 பார் அழுத்தத்துக்கு (ஒரு பார் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம்) காற்றை அடைத்தால், அதற்குள் சில நூறு ஜூல் ஆற்றல் இருக்கிறது. ஒரு கிலோ கல் பத்து மாடி உயரத்திலிருந்து விழும் அளவு. வாயு நிரப்பிய குளிர்பானம் வந்த பாட்டில் மட்டுமே. சாதாரணத் தண்ணீர் பாட்டில் இந்த அழுத்தத்துக்குச் செய்ததல்ல. மணல்தாளால் தேய்த்ததோ கீறல் விழுந்ததோ ஆகாது. சூடான பசைத் துப்பாக்கியைப் பாட்டிலின் மேல் காட்டவே கூடாது, சூட்டில் பிளாஸ்டிக் சுருங்கி அங்கேயே கிழியும். வகுப்புக்கு 4 பார் உச்சவரம்பு. பம்பில் அளவி இல்லாவிட்டால் செய்முறையே வேண்டாம். புதிய பாட்டிலைச் சோதிக்க விரும்பினால் வாய்வரை தண்ணீர் நிரப்பி அழுத்துங்கள். தண்ணீர் அமுங்காது என்பதால், உடைந்தாலும் வெடிக்காமல் பீச்சியடித்து நின்றுவிடும்.

ஏவுதளம் பற்றி. ரப்பர் தக்கையில் ஊசி செருகிய எளிய வகையில், தக்கை தானாகப் பிடுங்கிக்கொள்ளும்போதுதான் ராக்கெட் கிளம்பும். அது எந்த அழுத்தத்தில் நடக்கும் என்பதை ஏவுபவர் முடிவுசெய்ய முடியாது. ஈரம், எத்தனை அழுத்திச் செருகினோம் என்பதைப் பொறுத்து மாறும். வேடிக்கைக்குச் சரி, அளவீட்டுக்கு உதவாது. இரண்டாவது வகை சற்று மெனக்கெட வேண்டியது: பாட்டில் வாய்க்குள் தளர்வாக இறங்கும் பிவிசி குழாய், அதில் வெட்டிய பள்ளத்தில் காற்றுக் கசிவை அடைக்கும் ரப்பர் வளையமான ஓர் ஓ-ரிங், பாட்டில் கழுத்து வளையத்தைத் தலைகளால் கவ்வும்படி சுற்றிலும் நிறுத்திய கேபிள் டைகள் (கம்பிகளைச் சேர்த்துக் கட்டும் பிளாஸ்டிக் பட்டைகள்), அவற்றை இறுக்கி வைக்கும் பெரிய குழாய்த் துண்டு. அந்தத் துண்டைக் கயிற்றால் கீழே இழுத்தால் கேபிள் டைகள் விரிந்து பாட்டில் விடுபடும். ஓ-ரிங்கில் சோப்புத் தண்ணீரோ சிலிக்கான் கிரீஸோ தடவுங்கள்; வாஸ்லின் சாதாரண ரப்பரை நாளடைவில் ஊதிப்போகச் செய்யும். பம்பிலிருந்து தளத்துக்குக் குழாயும், இழுக்கும் கயிறும் 10 மீட்டராவது இருக்கட்டும். பம்ப் முனையில் காற்றை இறக்கும் திருகு ஒன்று கட்டாயம். ராக்கெட் சிக்கிக்கொண்டால் யாரும் கிட்டே போகக் கூடாது, அங்கிருந்தே அழுத்தத்தை இறக்க வேண்டும். எல்லோருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி.

பாட்டில் தலைகீழாகப் பறப்பதால் அதன் அடிப்பாகமே மூக்கு. துடுப்புகள் கழுத்துப் பக்கம் வரும். மாணவர் பெரும்பாலும் தவறுவது இங்கே: துடுப்பைக் கழுத்துக்குக் கீழே நீட்டி ஒட்டிவிடுவார்கள், அது கேபிள் டைகளில் இடித்து ஏவலையே கெடுக்கும். மர ஒட்டுப் பசை இந்தப் பிளாஸ்டிக்கில் ஒட்டாது. அகலமான டேப்பே போதும். மூக்கில் பாதியாக வெட்டிய மென்பந்தும், அதற்குள் 30 கிராம் கிளேயும். கூரான மூக்கு வேண்டாம். ஏவுமுன் ராக்கெட்டை அதன் சமநிலைப் புள்ளியில் 2 மீட்டர் கயிற்றால் கட்டித் தலைக்கு மேல் சுழற்றிப் பாருங்கள். மூக்கு முன்னே வந்தால் பறக்கத் தகுதி. பக்கவாட்டில் வந்தால் கிளேயைக் கூட்டுங்கள்.

இப்போது தண்ணீர் பீறிட்டு வெளியேறும் அந்தப் பத்திலொரு நொடிக்குள் நடப்பதைப் பார்ப்போம். 4 பாரில் தண்ணீர் வெளியேறும் வேகம், இரு மடங்கு அழுத்தத்தை அடர்த்தியால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால், நொடிக்கு 28 மீட்டர். பாட்டில் வாயின் பரப்பு சுமார் 3.6 சதுர செ.மீ.; உந்துவிசை இரு மடங்கு அழுத்தம் பெருக்கல் பரப்பு, அதாவது 290 நியூட்டனுக்கு அருகே. 100 கிராம் பாட்டிலும் 600 கிராம் தண்ணீரும் சேர்ந்த எடை 7 நியூட்டன்கூட இல்லை. தன் எடையைப்போல் நாற்பது மடங்கு விசை! கண்ணால் தொடர முடியாததில் வியப்பென்ன? ஆனால் தண்ணீர் குறையக் குறைய, காற்று விரிந்து அழுத்தம் ஏறத்தாழப் பாதிக்கு வந்துவிடும். வெளியேறும் வேகமும் 20-க்கு இறங்கும்.

ரஷ்யப் பள்ளி ஆசிரியரான சியல்கோவ்ஸ்கி 1903-இல் வெளியிட்ட சமன்பாடு இங்கே உயிர்பெறும். ராக்கெட் பெறும் வேகம் என்பது, வெளியேறும் வேகம் பெருக்கல், தொடக்க நிறைக்கும் இறுதி நிறைக்கும் உள்ள விகிதத்தின் இயல் மடக்கை. இங்கே விகிதம் 7, மடக்கை 1.95. ஆக, குறைந்த வெளியேறும் வேகமான 20-ஆல் பெருக்கினாலே நொடிக்கு 40 மீட்டரை ஒட்டிய வேகம். மடக்கை படிக்காத வகுப்புக்கு ஓர் அட்டவணை போதும்: விகிதம் 2 என்றால் 0.69, 4 என்றால் 1.39, 8 என்றால் 2.08. நிறை ஒவ்வொரு முறை இரட்டிக்கும்போதும் கிடைப்பது அதே 0.69 மட்டுமே. விண்கலங்கள் ஏன் அடுக்கடுக்காகக் கழன்று போகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான வாசல் கிடையாது.

அப்படியானால் தண்ணீரை இரட்டிப்பாக்கினால்? 1200 மி.லி. ஊற்றினால் விகிதம் 13 ஆகும், மடக்கையும் 2.56 ஆகும். ஆனால் காற்றுக்கு எஞ்சுவது 800 மி.லி. இடம்தான், கடைசித் தண்ணீர் வெளியேறும்போது அழுத்தம் முக்கால்வாசிக்கு மேல் வீழ்ந்திருக்கும். ராக்கெட் இலேசாகி, ஒவ்வொரு கிராம் தண்ணீரும் அதிகம் பயன்தரும் கட்டத்தில், தண்ணீர் சோம்பலாக ஒழுகும். அதனால்தான் உச்சம் பாட்டிலின் கால்பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் வருகிறது. இதைச் சொல்லிவிடாதீர்கள். 0, 200, 400, 600, 800, 1000 மி.லி. என்று ஏவி வரைபடம் வரையட்டும், அவர்களே சொல்வார்கள்.

உயரத்தை அளக்கப் பாகைமானியின் நேர்விளிம்பில் ஒரு ஸ்ட்ரா, மையத்தில் நூல், நூல்முனையில் வாஷர். ஸ்ட்ரா வழியே உச்சியைப் பார்த்து, நூலைப் பாகைமானியோடு சேர்த்து அழுத்திப் பிடித்துப் படிக்க வேண்டும். நூல் காட்டும் எண்ணுக்கும் 90-க்கும் உள்ள வித்தியாசமே ஏற்றக்கோணம். பாதிப் பேர் நூல் காட்டுவதை அப்படியே எழுதிவிடுவார்கள். 30 மீட்டரில் நின்று 45 பாகை பார்த்தால் உயரம் 30 மீட்டர், அதோடு கண் உயரத்தைக் கூட்டுங்கள். மிகக் கிட்டே நின்றால் கணக்கு கெடும்: அதே 30 மீட்டரில் 60 பாகை என்றால் 52 மீட்டர், 65 என்றால் 64. ஐந்து பாகைப் பிழை 12 மீட்டரை விழுங்கிவிடும். எதிர்பார்க்கும் உயரத்தின் அளவுக்காவது தள்ளி நில்லுங்கள். ஒருவர் போதாது, தளத்துக்கு எதிரெதிராக இருவர் வேண்டும். காற்றில் ராக்கெட் ஒருவர் பக்கம் நகர்ந்து, ஒருவர் 50 பாகையும் மற்றவர் 40 பாகையும் பார்த்தால், தனித்தனியே 36, 25 மீட்டர் என்று சண்டை வரும். இருவரையும் சேர்த்துக் கணக்கிட்டால் 29.5.

பரிசு விஷயத்தில் உங்களிடம் உறுதியாகவே கேட்கிறோம்: அதிக உயரத்துக்குப் பரிசு கொடுப்பதை நிறுத்துங்கள். அந்தப் பரிசு பிள்ளைகளை இன்னும் நாலு பம்ப் அடிக்கத் தூண்டுகிறது, வேறொன்றும் கற்றுக்கொடுப்பதில்லை. ஏவுமுன் எழுதிக்கொடுத்த உயரத்துக்கு மிக அருகில் வந்த குழுவுக்குப் பரிசு கொடுங்கள். 22 மீட்டர் என்று எழுதி 23 போனவர், எதுவும் எழுதாமல் 50 போனவரைவிட ராக்கெட்டை அறிந்தவர். மதிப்பெண்ணும் நோட்டுக்கே போகட்டும்: என்ன கெட்டது, ஏன் என்று நினைத்தீர்கள், எதை மாற்றினீர்கள், மாற்றம் பலித்ததா.

நுரைத்துக் கரையும் மாத்திரையும் தண்ணீரும் போட்டு, அழுத்தி மூடும் டப்பாவை எகிறச் செய்வதைச் சிறு வகுப்புகளுக்கு வைத்துக்கொள்ளலாம். திருகு மூடியோ கண்ணாடியோ கூடாது, முகத்தை மேலே நீட்டவும் கூடாது. இதற்கு மேல் எந்த வேதிப்பொருளும் பள்ளிக்குள் வேண்டாம். தீக்குச்சி மருந்து, சர்க்கரை எரிபொருள், உலர்பனிக்கட்டி, அமிலமும் அலுமினியமும் என்று காணொளிகளில் வருபவை எதற்கும் அனுமதி தராதீர்கள். 1950களில் அமெரிக்கச் சிறுவர்கள் வீட்டில் எரிபொருள் கலந்து விரல்களையும் கண்களையும் இழந்த பின்னணியில்தான், ஆர்வில் கார்லைலும் ஹாரி ஸ்டைனும் ஆலையில் செய்த, ஒருமுறை மட்டும் எரியும் எஞ்சின் உள்ள மாதிரி ராக்கெட்டைப் பரப்பினார்கள். அந்த எஞ்சின்கள்கூடச் சட்டம் அனுமதிக்கும் இடத்தில், பயிற்சி பெற்றவரின் கையில் மட்டும்.

கடைசியாகக் கால அட்டவணை. ஒன்று மரக்கட்டை வண்டிக்கு, இரண்டு காகித ராக்கெட்டுக்கு, ஒன்று பாட்டிலைக் கட்ட, ஒன்று முதல் ஏவலுக்கு, ஒன்று இரண்டாவதற்கு. கடைசி இரண்டையும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் போட்டுவிடாதீர்கள். நனைந்த டேப் காய ஓர் இரவு வேண்டும். வரைபடத்தை முறைத்துப் பார்த்து, துடுப்பா கிளேயா தண்ணீரா எதில் கைவைப்பது என்று குழுவுக்குள் தகராறு முடிய இரண்டு நாளாவது வேண்டும். முதல் ஏவல் திங்கள் என்றால், இரண்டாவது வியாழன்.

இப்படிக்கு,
பள்ளி ராக்கெட் செய்முறைகளை வடிவமைத்துப் பயிற்றுவிப்போர்